ஒருவர் போகலாம், ஒருவர் நிற்க வேண்டும்

ஹாஷிமைப் போல எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அலுவலகத்தில் என் மேசையிலிருக்கும் ஸ்டேப்ளரை எடுக்கக் கேட்பார். எடுத்த பிறகும், எடுத்தது சரிதானே என்று ஒருமுறை கேட்பார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் கை துருதுருக்கும். ஆனாலும் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருக்கும் என் பிளாட்டுக்கு வரச் சொன்னது நான்தான். காரணம் என் சித்தியின் மகன் இராசரத்தினம்.

இராசன் கிளிநொச்சியிலிருந்து கண் சத்திரசிகிச்சைக்காக வந்தவன். வெடித்த எறிகணையின் செல் துண்டு ஒன்று அவனுடைய இடது கண்ணுக்குள் போயிருந்தது. அது 2007ஆம் ஆண்டு. அங்கே இயக்கத்தின் ஆட்சி, சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் அந்த இடத்தை விட்டு வெளியே வருவது லேசுப்பட்ட காரியமல்ல. முதலில் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் தருவதற்கு ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். போனவர் சொன்ன திகதிக்குத் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைக் கொண்டுபோவார்கள். தனக்கு யேசுரட்ணம் மாஸ்டர் பிணை நின்றார் என்று இராசன் சொன்னான். மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். அந்தக் கிழவனை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று நானும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

கண் ஓரளவு சுகமாயிற்று. பாஸ் முடிந்தது. அவன் திரும்பிப் போகவில்லை. சுவிஸிலிருந்த அவனுடைய அண்ணன் ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்து, தம்பியை எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். அதற்குள், அவன் கொழும்பில் தங்குவதற்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தை வைத்து நான் செய்திருந்த பொலிஸ் பதிவும் காலாவதியாகிவிட்டது. வெளியே இறங்கினால் சந்திக்குச் சந்தி அடையாள அட்டை கேட்பார்கள். அட்டையில் கிளிநொச்சி என்று இருந்தால் கதை முடிந்தது. அதனால் மூன்றாம் மாடியில் என்னோடு அடைந்து கிடந்தான். தெருப்பக்கத்து ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை. அவனுடைய சேர்ட்டுகளைக் குளியலறைக்குள்தான் காயப்போட்டேன். நான் வேலைக்குப் போன பிறகு தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்கமாட்டான். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்டுவிடுமாம். மாலையில் வந்து பார்த்தால் காலையில் விட்ட கதிரையிலேயே இருப்பான். பாவம் என்று தோன்றுவதற்கு முன் எனக்கு ஆத்திரம் வரும். என் சுபாவம் அது.

இதையெல்லாம் ஹாஷிமிடம் சொல்லிப் புலம்பிய ஒரு நாளில், தன்னிடம் ஒரு விளையாட்டு இருக்கிறது, கொண்டுவரலாமா என்று கேட்டார். அவருடைய மச்சான் லண்டனிலிருந்து அனுப்பிய தடித்த புத்தகமும், ஒரு துணிப்பை நிறையத் தாயக்கட்டை போன்ற கட்டைகளும். மேசையைச் சுற்றியிருந்து கதை சொல்லும் விளையாட்டு அது. ஒருவர் கதைக்காரர். ஊர், காடு, அரசன், காவற்காரன் எல்லாம் அவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். 'நான் மதில் ஏறுகிறேன்' என்றால் இருபது முகக் கட்டையை உருட்ட வேண்டும். ஏறினாயா விழுந்தாயா என்பதைக் கட்டை சொல்லும். மேல்மாடிப் பத்மாவதியும் சேர்ந்துகொண்டாள். வங்கியில் வேலை, கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக இருப்பவள், கட்டடம் அதிரச் சிரிப்பாள்.

முதல் நாளே ஹாஷிம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். கதைக்குள் வரவே கூடாத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தான் முதலில் சொன்னார். வீட்டை விட்டு இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்று யாரும் யாருக்கும் சொல்லும் காட்சி வராது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தியபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அவர் என்பது எனக்குத் தெரியும். பத்மா, தீப்பிடித்த வீடு வேண்டாம் என்றாள். எண்பத்து மூன்று கலவரத்தில் அவளுக்கு ஐந்து வயது. நான், கதவைத் தட்டும் சத்தம் வேண்டாம் என்றேன். அதனால் ஹாஷிமின் உலகத்தில் காவற்காரர்கள் வாசலில் நின்று மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பத்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இராசன் தனக்கு அப்படி ஒன்றுமில்லை என்றான்.

கட்டை விழுந்தால் விழுந்ததுதான், ஹாஷிம் அதை மாற்றமாட்டார். எதற்கும் அனுமதி கேட்கும் மனிதர் இதில் மட்டும் கல்லுப் போல இருந்தார். ஒரேயொரு விலக்கு. கடற்கரைப் பாதையில் ரயில் போனால் என் மேசை அதிரும், உருண்ட கட்டை மறுபடியும் புரளும். அப்போது விழுந்தது கணக்கில்லை, திரும்ப உருட்ட வேண்டும்.

இராசன் தன் பாத்திரத்துக்கு நடையன் என்று பெயர் வைத்தான். சண்டை பிடிக்கமாட்டான், புதையல் தேடமாட்டான். நடப்பான். ஹாஷிம் ஓர் ஊரைச் சொன்னால் அதன் எல்லாத் தெருக்களுக்கும் போவான். அந்த வளைவுக்கு அப்பால் என்ன, ஆற்றைக் கடக்கலாமா, கடைக்காரன் என்ன விற்கிறான் என்று கேட்டபடியே இருப்பான். மற்ற நாட்களில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. நானும் பத்மாவும் அலுத்துப்போவோம். ஹாஷிம் மட்டும் பொறுமையாக ஒவ்வொரு வளைவையும் அவனுக்கு உண்டாக்கிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இராசன் வயிறாரச் சாப்பிட்டான்.

இப்படி இருக்கையில் ஏஜென்சிக்காரனிடமிருந்து தகவல் வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வரட்டும். செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு எல்லாச் சாதி சனமும் எல்லாத் திசையிலிருந்தும் போகும், அந்தக் கூட்டத்துக்குள் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. இராசன் தகவலைக் கேட்டு ஓம் என்றான். சந்தோஷப்படவில்லை. பயமாக்கும் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாஷிம் என் மேசைக்கு வந்து தொண்டையைச் செருமினார். புத்தகத்தில் அடுத்த கதை ஓர் அடிமை ஊரைப் பற்றியது, வரலாமா என்று கேட்டார். அதை எப்படியெல்லாம் இளக்கியிருக்கிறார் என்று விளக்கம் வேறு. சவுக்கை எடுத்துவிட்டாராம். சந்தையை எடுத்துவிட்டாராம், ஆளை விலை பேசுவது வராது. பெண்களுக்கு நேர்வது எதுவும் வராது. சங்கிலியும் இல்லை. பிறகு என்னதான் மிச்சம் என்று கேட்டேன்.

"உப்பளம் இருக்கு மிஸ். ஆக்கள் வேல செய்வாங்க. வாசலால வெளியால போய் வரவும் ஏலும். சும்மா ஒரு பிணை முறை மட்டும் வச்சிருக்கேன், இல்லாட்டி எல்லாரும் ஓடிருவாங்க."

பிணை என்பது கொழும்பில் இருந்த எங்களுக்கு அன்றாடச் சொல். லொட்ஜில் அறை எடுப்பதற்கு யாராவது பொறுப்பு நிற்க வேண்டும். வீட்டில் விருந்தாளி தங்கினால் பொலிஸுக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. இராசனுக்கு நானே அப்படிப் பொறுப்பெடுத்தவள். சவுக்குக்கும் சங்கிலிக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிணை மிகவும் மனிதத்தன்மையுள்ள ஏற்பாடாகவே தெரிந்தது. இதற்கெல்லாம் வந்து கேட்பதா என்று அவரைத் துரத்திவிட்டேன். இராசனிடமும் போனில் கேட்டாராம், அடிமைகள் வருவார்கள், சங்கடமில்லையா என்று. பரவாயில்லை நானா என்றானாம்; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விளையாட உட்கார்ந்தோம். கடைசி ஆட்டம் என்பதால் பத்மா கட்லட் பொரித்துக் கொண்டுவந்தாள். கட்டைகள் அன்று எங்களோடு கோபம். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மூன்று பேரும் பிடிபட்டு உப்பளத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். என் பாத்திரம் ஒரு வாய்க்காரச் சமையற்காரி. பத்மாவுடையது முப்பது வயது வாள்காரி. நடையன் நடையன்தான்.

ஹாஷிம் ஊரைச் சொன்னார். வெள்ளை வெளேரென்ற பாத்திகள். நிழலே இல்லை. அடிப்பதில்லை, ஏசுவதில்லை, சாப்பாடு கொடுக்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை, ஜன்னல் இல்லாத கல்லாலான ஓர் அறை. வெளியே போக விரும்புகிறவர் தனக்குப் பதிலாக ஒருவரை அதற்குள் இருத்திவிட்டுப் போகலாம். காவற்காரன் ஏசாமல், சிரித்த முகத்தோடு சொல்வான்: ஒருவர் போகலாம், ஒருவர் நிற்க வேண்டும். போனவர் வராவிட்டால் நின்றவர் உள்ளேதான்.

பத்மா உடனே திட்டம் போட்டாள். நடையன் வெளியே போய்க் கடற்கரையில் ஒரு வள்ளம் பிடிக்கட்டும். வாள்காரி கல்லறைக்குள் இருக்கட்டும். அவள் கட்லட்டைக் கடித்தபடி, சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் நிக்கிறன், நீ போ."

இராசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை ஏதோ மாதிரி இருந்தது, ஆனால் அவனுடைய அந்தக் கண் எப்போதுமே கொஞ்சம் சிவந்திருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஹாஷிம் தொடர்ந்தார். நடையன் வாசலைத் தாண்டிவிட்டான். இடப்பக்கம் காடு, வலப்பக்கம் கடல், பின்னால் யாரும் வரவில்லை. எந்தப் பக்கம் போகிறாய்?

நாங்கள் காத்திருந்தோம். வழமையாக இந்தக் கேள்விக்குத்தான் அவன் முகம் மலரும்.

"திரும்பிறன்," என்றான்.

பத்மா, உனக்கென்ன விசரா, வள்ளம் அங்கே இருக்கிறது, போ என்றாள். அவன் தலையாட்டினான். திரும்பிறன். வாள்காரி எப்படியும் சமாளிப்பாள், நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று பத்மா சொன்னாள். அவள் விளையாட்டில் சொன்னாள்.

"எப்பிடிச் சமாளிப்பா? அவவுக்குப் பதினேழு வயசுதானே."

"என்ர ஆளுக்கு முப்பது வயசடா," என்றாள் பத்மா. சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

இராசனுக்குப் பதினேழு வயதில் ஒரு தங்கை உண்டு. மெற்றில்டா. வீட்டில் மெற்றி என்று கூப்பிடுவோம். யேசுரட்ணம் மாஸ்டர்தானே உனக்குப் பிணை நின்றவர் என்று கேட்டேன். அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். மாஸ்டர் முதலில் ஓம் என்று சொல்லிவிட்டு அன்று காலையில் வரவில்லை. பாஸ் எழுதுகிறவர்கள் மேசையை மூடப்போனார்கள். கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. அவனோடு போயிருந்த மெற்றி முன்னுக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்தாள். பாஸ் முடிந்த கிழமையே வந்து அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். தலைமயிரைக் கத்தரித்துப் பயிற்சிக்கு அனுப்பியாயிற்று என்று சித்தி போனில் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்ல வேண்டாமென்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். நான் கத்துவேனாம்.

கத்தவில்லை.

ஹாஷிம்தான் பேசினார். "அல்லாஹ்வே, நான் இத எடுத்திருக்கணும். சவுக்க எடுத்தேன், இத விட்டுட்டேனே." கதையை இத்தோடு நிறுத்துவோமா என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை மூடப்போனார். இராசன் அதன்மேல் கையை வைத்தான்.

"மூட வேண்டாம் நானா. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நடையன் திரும்பிப் போனால் அவளை விடுவினமோ?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. இவன் செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகப்போவதில்லை. வவுனியா பஸ் எடுக்கப்போகிறான். ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி இயக்கத்தின் பக்கம் நடந்துபோய், நான் வந்துவிட்டேன், என் தங்கையை விடுங்கள் என்று சொல்லப்போகிறான். அதை நேரே கேட்டேன். ஓம் என்றான். ஆனால் விடுவார்களா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. சித்தியிடம் கேட்க முடியாது. ஏஜென்சிக்காரனிடம் கேட்க முடியாது. கேட்கக்கூடிய இடம் அவனுக்கு இந்த மேசை ஒன்றுதான்.

எட்டி இருபது முகக் கட்டையை எடுத்தான். அதிகம் விழுந்தால் விடுவார்கள் என்றான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை. கட்டை உருண்டு கட்லட் தட்டில் பட்டு நின்றது.

இருபது.

கட்டையில் அதைவிடப் பெரிய எண் கிடையாது. இராசனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்தது அந்த வெளிச்சத்தைக் கண்டுதான். ஹாஷிம் கட்டையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு கட்டையை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டார்.

"ரயில்," என்றார். "கணக்கில்ல."

ரயில் வரவில்லை. மேசையிலிருந்த தேநீர்கூட அசையவில்லை. எங்கள் நாலு பேருக்கும் அது தெரியும்.

"ரயில் வரேல்லை நானா."

"வந்தது." ஹாஷிமின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. யாரிடமும் எதையும் கேட்காமல் அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன். "இங்க பாருங்க தம்பி. அந்த ஊர நடத்துறவன் நான். கட்டை இல்ல, நான். நீங்க திரும்பி வந்தா நான் அவள விடமாட்டேன். ரெண்டு பேரையும் வச்சிருப்பேன். இன்னும் ஒராள் வீட்டுல இருந்தா அவங்களையும் எடுப்பேன். வெளியால போனவன் வெளியால இருக்கணும். அது ஒண்டுதான் என்னால எடுக்க ஏலாதது."

சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர்க் குழாய் நீண்ட நேரம் ஓடியது. பத்மா இராசனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் சத்தமில்லாமல் அழுதான். இத்தனை மாதம் பழகியதில் அவனுக்கு அழுவதும் சத்தமில்லாமல்தான் வந்தது.

திங்கட்கிழமை முழுவதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. போகிறாயா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுவிடுவானோ என்று பயம். அலுவலகத்திலிருந்து வரும்போது செட்டியார் தெருவில் ஒரு சின்ன வெள்ளிக் கண் வாங்கி வந்தேன். கண் சுகமானதற்கு அந்தோனியாருக்கு நேர்த்தி என்று வழியில் யாரும் கேட்டால் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை காலை அவன் முகம் கழுவிச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். ஓட்டோ பிடித்தோம்.

கொட்டாஞ்சேனைக்குள் திரும்பும் இடத்தில் மறித்தார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர். இராசனின் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கிளிநொச்சி. பதிவுத் துண்டைக் கேட்டார். காலாவதி. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கண் சத்திரசிகிச்சை, நேர்த்தி, அந்தோனியார் என்று மளமளவென்று சொல்லி வெள்ளிக் கண்ணைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தன் அம்மாவும் கண்ணுக்காக இதே கோவிலுக்குத்தான் வருகிறவர் என்றார். கண்ணைத் திருப்பித் தந்தார். இரண்டு பேருடைய அடையாள அட்டையும் தன் கையில் இருக்கட்டும், பதிவு விஷயத்துக்கு எப்படியும் நிலையத்துக்கு வரத்தான் வேண்டும், ஆனால் நேர்த்தியைத் தடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்றார். பையன் போய்க் கண்ணை வைத்துவிட்டு வரட்டும். அக்கா இங்கே இருக்கட்டும். ஒருவர் போகலாம், ஒருவர் நிற்க வேண்டும்.

நல்ல மனிதர். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த இராசனுக்கும் அது விளங்கிவிட்டது. அவன் ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏஜென்சிக்காரனின் வான் கோவிலுக்குப் பின்புறத் தெருவில் நிற்கும். கடவுச்சீட்டு அவனிடம் இருக்கிறது. அட்டை இனி இவனுக்குத் தேவையில்லை. அந்த மூலையைத் தாண்டினால் போதும்.

"நான் போகமாட்டன் அக்கா."

பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நம்பிப் பேசினேன். கோபம் வந்துவிட்டது, ஆனால் அதைக் குரலில் காட்ட முடியாது.

"மெற்றி பேர் குடுக்கேக்க அழுதவளோ?"

"இல்லை. சிரிச்சவள்."

"அப்ப பார். நானும் சிரிக்கிறன்."

சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். பொலிஸ்காரரும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். வெள்ளிக் கண்ணை இராசனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்தேன். சுணங்காமல் வா என்று சிங்களத்தில், அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். இராசன் என் முகத்தையே பார்த்தான். பிறகு நடந்தான். கூட்டத்துக்குள், மெழுகுதிரி விற்கிறவர்களுக்கு நடுவில், நடையன் நடந்து போனான். மூலையில் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அதற்காக இன்றுவரை அவனுக்கு நன்றியோடிருக்கிறேன்.

எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை தந்தார்கள். வெயில் ஏறியது. பயம் இருக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மெற்றியைப் பற்றியே நினைத்தேன். அவள் சிரித்த சிரிப்பும் இப்படித்தான் இருந்திருக்கும், வாய் காய்ந்துபோய், பல் உதட்டில் ஒட்டி. சிரிப்பு பொய். போ என்று சொன்னது பொய்யில்லை. இதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியபோது அவன் போய்விட்டிருந்தான்.

பொலிஸ்காரர் வந்து தம்பி எங்கே என்று கேட்டார். வருவான் என்றேன். இன்னொரு முறை வந்து கேட்டார். வருவான் என்றேன். மூன்றாவது முறை அவர் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. என்னால் அவருக்கும் வேலை போயிருக்கலாம். அந்த எண்ணம் பிறகு பலநாள் என்னை உறுத்தியது.

அதன்பின் நடந்ததை நீட்டி முழக்க விருப்பமில்லை. நிலையத்தில் அடிக்கவில்லை. கேட்டதையே கேட்டார்கள், நான் சொன்னதையே சொன்னேன். அவன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது என்பதுதான் அது. கடைசியில், கொழும்பில் நிரந்தர விலாசமுள்ள ஒருவர் பொறுப்பெடுத்தால் என்னை விடலாம் என்றார்கள். பத்மா வாடகைக்கு இருப்பவள், அவளுடைய விலாசம் செல்லாது; மேலிருந்து கீழ்வரை எல்லாக் கதவையும் தட்டினாளாம். ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், யாருக்குத்தான் பயமில்லை. ஹாஷிம் வந்தார். மேசையிலிருந்த பேனையை, எடுக்கலாமா என்று கேட்காமலே எடுத்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். வெளியே வந்து இருவரும் பஸ் ஏறினோம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தார். பத்மாவும் வந்தாள். வாள்காரி இன்னும் கல்லறைக்குள் இருந்தாள். அவளை வெளியே எடுத்துவிட்டு வேறு கதை தொடங்கலாமா என்று ஹாஷிம் பழையபடி கேட்டார். பத்மா மாட்டேன் என்றாள். சும்மா கதவைத் திறந்துவிட்டால் அது பொய்யாகிவிடும் என்றாள். ஆகவே என் வாய்க்காரச் சமையற்காரி தினமும் கல்லறை வாசலுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். கட்டை உருட்டினோம். ஒருமுறையும் சரியாக விழவில்லை. ஹாஷிம் மாற்றவுமில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் போன் வந்தது. தூரத்துச் சத்தம், இடையிடையே என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. இராசன் தான் சுகமாக வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். குளிர் என்றான். தெருவில் எந்த நேரமும் நடக்கலாம், ஒருவரும் மறிப்பதில்லை என்றான். என்னைப் பொலிஸ் என்ன செய்தது என்று கேட்டான், ஒன்றுமில்லை என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"பத்மாக்கா வெளியில வந்திட்டாவோ?"

யாரைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் சித்தியிடமிருந்து புதிதாக ஒரு தகவலும் இல்லை. ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை.

"இன்னும் இல்லைத் தம்பி," என்றேன். "நாங்கள் மூண்டு பேரும் ஒவ்வொரு கிழமையும் வாசலில போய் நிக்கிறம்."